கவுன்சில் மானியத்தில் இளையோர் மன்றமும் சிறுவர் விளையாடல் சேவையும்: இங்கிலாந்தின் சிறு அமைப்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் வாழும் தமிழ்ப் பெற்றோர் சிலர் சேர்ந்து, சனிக்கிழமை காலையில் ஒரு பாடசாலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்து மொழி வகுப்பு நடத்தத் தொடங்கினால், ஐந்தாறு ஆண்டுகளில் அவர்கள் முன் இன்னொரு கேள்வி வந்து நிற்கும். வகுப்பைத் தாண்டி வளர்ந்துவிட்ட பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மாலையில் எங்கே போவது? கோடை விடுமுறையின் ஆறு வாரங்களில், இருவரும் வேலைக்குப் போகும் வீட்டின் எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்வது? மாதச் சந்தாவில் இவற்றுக்கு விடை காண முடியாது. அப்போதுதான் யாராவது ஒருவர் கூட்டத்தில், "கவுன்சிலில் கிராண்ட் கேட்டால் என்ன?" என்பார்.

உள்ளூராட்சி சபையான கவுன்சிலிடம் மானியம் கேட்கலாம், கிடைக்கவும் செய்யும். ஆனால் பெரும்பாலான சிறு அமைப்புகள் விண்ணப்பத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவை நோக்கி எழுதுகின்றன: நாங்கள் யார், எவ்வளவு காலமாகச் சேவை செய்கிறோம், எங்களுக்கு எவ்வளவு பணம் தேவை. மானியம் பெற்றுப் பழகியவர்கள் எதிர்த்திசையில் எழுதுவார்கள். ஓராண்டு கழித்துக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை முதலில் மனத்தில் வரைந்துகொண்டு, அதில் உண்மையாக நிரூபிக்கக்கூடியதை மட்டுமே இன்று வாக்களிப்பார்கள். இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அந்த அறிக்கையை நோக்கியே செல்கிறது.

முதற்படி: கவுன்சில் ஏன் பணம் தருகிறது என்று அறிதல்

1996 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில் 507பி என்றொரு பிரிவு உள்ளது. 2006 இல் வந்த சட்டம் ஒன்று அதைச் சேர்த்தது. 13 முதல் 19 வயது வரையான இளையோருக்கும், கற்றல் சிரமமோ மாற்றுத்திறனோ உள்ளவர்களாயின் 25 வயதை எட்டும் வரையிலும், அவர்களுடைய நல்வாழ்வை மேம்படுத்தும் ஓய்வுநேரக் கல்விச் செயற்பாடுகளும் பொழுதுபோக்குச் செயற்பாடுகளும் போதிய அளவில் கிடைப்பதை, நடைமுறையில் இயன்ற அளவுக்கு, கவுன்சில் உறுதிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். "இயன்ற அளவுக்கு" என்ற அந்தச் சிறு சொற்றொடரின் வழியாகத்தான் பிற்கால வெட்டுகள் எல்லாம் நுழைந்தன. 2010 க்குப் பிறகு இங்கிலாந்துக் கவுன்சில்கள் இளையோர் சேவைக்குச் செலவிடும் தொகை, விலையேற்றத்தைக் கணக்கில் எடுத்தால், மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. ஆனாலும் கடமை நீக்கப்படவில்லை. அதே பிரிவில் சிறு அமைப்புகளுக்கு உதவும் இரண்டு அம்சங்கள் இருக்கின்றன. இளையோரின் கருத்தைக் கவுன்சில் கேட்டறிய வேண்டும் என்பது ஒன்று. அந்தச் செயற்பாட்டை வேறொருவர் நடத்துவது பொருத்தமாக இருக்குமா என்று பரிசீலிக்க வேண்டும் என்பது மற்றது. அந்த "வேறொருவர்" நீங்களாக இருக்கலாம்.

பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோரின் விளையாடலுக்கென்று இங்கிலாந்தில் இப்படியொரு தனிச் சட்டக் கடமை கிடையாது. வேல்ஸில் 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு கவுன்சிலும் தன் பகுதியில் சிறுவர் விளையாடுவதற்குப் போதிய வாய்ப்பு உள்ளதா என்று மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மதிப்பிட்டாக வேண்டும். ஸ்கொட்லாந்து 2019 ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தில் இதைப் போன்ற மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 2008 இல் 23.5 கோடி பவுண்டுடன் ஒரு தேசிய விளையாடல் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2010 இல் ஆட்சி மாறியதும் அது நின்றுபோனது. ஆகவே இளையோருக்குக் கேட்கும்போது சட்டக் கடமையைச் சுட்டிக்காட்டலாம். சிறுவர் விளையாடலுக்குக் கேட்கும்போது உடல்நலம், விடுமுறைப் பசி, புதிய குடியிருப்புகளால் இழந்த வெளி போன்ற வேறு வாசல்களைத் தட்ட வேண்டியிருக்கும்.

இங்கே தமிழ் நம்மைச் சற்று ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பந்தடிப்பதும், மண்ணில் வீடு கட்டுவதும், பாவனைச் சமையல் செய்வதும் நமக்கு விளையாட்டுத்தான். கவுன்சிலில் அவை இரு வேறு பிரிவுகளின் கையில், இரு வேறு நிதிகளாக இருக்கும். விதிகளும் பயிற்சியாளரும் வெற்றி தோல்வியும் உள்ளது ஒன்று. பிள்ளை தானே தெரிந்தெடுத்து, தானே நடத்தி, அதன் இன்பத்துக்காகவே செய்வது மற்றது. 2005 இல் வகுக்கப்பட்ட விளையாடற்பணிக் கோட்பாடுகள் இதைத்தான் விளையாடல் என்கின்றன. 1943 இல் கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் பழைய பலகைகளையும் கயிறுகளையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்கி நின்ற களமும், அதைப் பார்த்து வந்த ஹர்ட்வூட் அலன் சீமாட்டி போருக்குப் பின் லண்டனின் குண்டு விழுந்த வெற்று நிலங்களில் வளர்த்தெடுத்த சாகச விளையாட்டுத் திடல்களும் இந்த மரபைச் சேர்ந்தவை. விளையாடல் நிதிக்குக் கிரிக்கெட் பயிற்சித் திட்டத்தை அனுப்பினால், திட்டம் எவ்வளவு நல்லதாயினும், அது தவறான மேசைக்குப் போகும்.

இரண்டாம் படி: பணம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடுதல்

லண்டனின் பரோ எனப்படும் 32 நகரப் பிரிவுகளின் கவுன்சில்களும் பெரும்பாலான பெருநகரக் கவுன்சில்களும் எல்லாப் பணிகளையும் தாமே செய்கின்றன. லண்டனுக்கு வெளியே சில பகுதிகளில் கவுண்டி, மாவட்டம் என இரு அடுக்குகள் இருக்கின்றன. அங்கே இளையோர் கடமை கவுண்டியினுடையது, பூங்காக்களும் பொழுதுபோக்கும் மாவட்டத்தினுடையவை. இந்த இரட்டை அடுக்கைக் கலைத்து ஒன்றாக்கும் மறுசீரமைப்பு தொடங்கியிருப்பதால், விண்ணப்பிக்கும் முன் உங்கள் பகுதியின் நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே கவுன்சிலுக்குள்ளேயும் பல பெட்டிகள் உண்டு. சமூக மானியம் என்ற பெயரில் வரும் பொது நிதியை எல்லோரும் அறிவார்கள். போட்டியும் அங்கேதான் அதிகம். வட்டாரக் கவுன்சில் உறுப்பினர்களுக்கு ஒதுக்கப்படும் சிறு தொகைகள் உள்ள இடங்களில், சில நூறு பவுண்டு முதல் ஓரிரு ஆயிரம் வரை எளிய படிவத்தில் கிடைக்கும். புதிய அமைப்பு தன்னைக் கவுன்சிலுக்கு அறிமுகப்படுத்திக்கொள்ள இது நல்ல வாசல். கட்டட வளர்ச்சியாளர்களிடம் வசூலிக்கப்படும் சமூக உட்கட்டமைப்பு வரியில் 15 சதவீதம், அக்கம்பக்கத் திட்டம் (பகுதி மக்களே வரையும் வளர்ச்சித் திட்டம்) நிறைவேற்றப்பட்ட இடங்களில் 25 சதவீதம், அந்தப் பகுதி மக்களின் விருப்பத்தைக் கேட்டுச் செலவிடப்பட வேண்டும் என்பது விதி. தமிழர் செறிந்து வாழும் பிரெண்ட் உள்ளிட்ட சில பரோக்கள் இதை மானியச் சுற்றுகளாகவே பகிர்கின்றன. பக்கத்தில் அடுக்குமாடிகள் எழும்பும் பகுதியில் விளையாடல் சேவை நடத்துவோர் முதலில் பார்க்க வேண்டிய பெட்டி இதுதான் என்பது என் எண்ணம்.

விடுமுறைக் காலத்துக்கு இன்னொன்று இருக்கிறது. விடுமுறைச் செயற்பாடும் உணவும் என்ற திட்டத்துக்கு 2021 முதல் மத்திய அரசு எல்லா உயர் அடுக்குக் கவுன்சில்களுக்கும் பணம் தருகிறது. கவுன்சில் அதை உள்ளூர் அமைப்புகளுக்குப் பகிர்கிறது. இலவசப் பாடசாலை உணவு பெறும் பிள்ளைகளுக்காக, கோடையில் நான்கு வாரம், ஈஸ்டரில் ஒன்று, கிறிஸ்மஸில் ஒன்று என, வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு நான்கு மணிநேரம் என்பது அதன் அடிப்படை அளவு. உணவு பாடசாலை உணவுத் தரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். சோறும் பருப்பும் கீரையும் அந்தத் தரத்தில் தாராளமாகத் தேறும். ஆனால் எண்ணெயில் பொரித்தவை வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் கூடாது என்பதால், நம் நிகழ்ச்சிகளின் தேசிய உணவான ரோல்ஸும் வடையும் தினமும் வலம்வர முடியாது.

எந்த அமைப்புக்கு எவ்வளவு போயிருக்கிறது என்பதை அறிய யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. 2015 ஆம் ஆண்டு வெளிப்படைத்தன்மை விதிக்கோவையின்படி, தொண்டு அமைப்புகளுக்குக் கொடுத்த மானியங்களின் விவரத்தை ஒவ்வொரு கவுன்சிலும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலை ஒரு மாலை அமர்ந்து படித்தால், எவ்வளவு கேட்பது நியாயம், யாருடன் கூட்டுச் சேரலாம், எந்த வட்டாரத்தில் யாருமே இல்லை என்பவை தெரிந்துவிடும்.

அறிவிப்பு மானியத்துக்கானதா, ஒப்பந்தத்துக்கானதா என்பதையும் கவனியுங்கள். ஒப்பந்தம் என்றால் கவுன்சில் உங்களிடமிருந்து ஒரு சேவையை வாங்குகிறது. 2025 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கொள்முதல் சட்டம் அதற்குப் பொருந்தக்கூடும், வாட் எனப்படும் மதிப்புக்கூட்டு வரிக் கேள்வியும் எழலாம். உண்மையான மானியம் வாட் வரிக்கு வெளியே நிற்கும். சில அறிவிப்புகள் பெயரளவில் மானியமாகவும் உள்ளடக்கத்தில் ஒப்பந்தமாகவும் இருக்கும். அப்போது ஒரு கணக்காளரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.

மூன்றாம் படி: அமைப்பைத் தகுதிக்கு உரியதாக்குதல்

விண்ணப்பம் திறந்த பின் இதைச் செய்ய நேரம் இருக்காது. எழுதி நிறைவேற்றப்பட்ட யாப்பு (அமைப்பின் விதிமுறை ஆவணம்), குறைந்தது மூன்று நிர்வாகிகள் (அவர்கள் ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது), அமைப்பின் பெயரிலேயே வங்கிக் கணக்கு, உறவினரல்லாத இருவரின் ஒப்புதலோடு மட்டுமே வெளியேறும் பணம், கடைசி ஆண்டுக் கணக்கு ஆகியவை கேட்கப்படும். நான் பொருளாளராக இருந்த ஒரு சிறு பாடசாலையின் முதல் விண்ணப்பம் தேவையைப் பற்றிய பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கப்படாமல் திரும்பி வந்தது. காரணம், காசோலையில் கையெழுத்திடும் இருவரும் கணவனும் மனைவியும். பதினைந்து ஆண்டுகளாக ஒரு சதம் கூடத் தவறவிடாத நேர்மையான மனிதர்கள் அவர்கள். ஆனால் படிவம் நேர்மையை அளப்பதில்லை, ஏற்பாட்டைத்தான் அளக்கிறது. வங்கியில் பெயர் மாற்ற ஆகும் காலத்தை எண்ணி, இதை இன்றைக்கே தொடங்குங்கள்.

ஆண்டு வருமானம் 5,000 பவுண்டுக்கு மேல் போகும் அறக்கட்டளைகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அறக்கட்டளை ஆணையத்தில் பதிய வேண்டும். ஆள்களை வேலைக்கு அமர்த்தவோ மண்டபத்துக்கு நீண்டகாலக் குத்தகை எழுதவோ எண்ணினால், அறங்காவலர்களின் சொந்தச் சொத்தைக் காக்கும் வகையில், கூட்டிணைக்கப்பட்ட அறநிறுவனமாக (CIO) மாறுவதைப் பரிந்துரைப்பேன். அதற்கு வருமானம் எவ்வளவானாலும் பதிவு கட்டாயம்.

காப்புறுதியில் இரண்டு வேறுபட்டவை. ஊழியர் ஒருவர் இருந்தாலும் வேலைகொடுப்போர் பொறுப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம், குறைந்தது 50 இலட்சம் பவுண்டுக்கு. பொதுமக்கள் பொறுப்புக் காப்புறுதி சட்டம் கேட்பதல்ல, கவுன்சில் கேட்பது. அதன் அளவும் பெரும்பாலும் அதே தொகையாகவே இருக்கும்.

நான்காம் படி: சிறுவர் பாதுகாப்பு

இந்தப் பகுதியில் குறை இருந்தால் மற்றப் பகுதிகளின் மதிப்பெண் எண்ணப்படுவதில்லை. ஆகவே இணையத்தில் கிடைக்கும் கொள்கை மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி இணைப்பதைக் கைவிடுங்கள். மதிப்பிடுவோர் அதே மாதிரியை அன்று நான்காம் முறையாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். சிலவற்றில் வேறு அமைப்பின் பெயர் ஆறாம் பக்கத்தில் அப்படியே இருக்கும்.

உங்கள் கொள்கையில் இருக்க வேண்டியவை உங்கள் மண்டபத்துக்கு உரியவை. பாதுகாப்புப் பொறுப்பாளர் யார், அவர் வராத நாளில் யார், ஒரு பிள்ளை எதையாவது வெளிப்படுத்தினால் யார் எங்கே எழுதிவைப்பார், கவுன்சிலின் சிறுவர் சேவைக்கு எந்த எண்ணில் அழைப்பார் என்பவை முதலில் வர வேண்டும். பெரியவர் ஒருவர்மீதே குற்றச்சாட்டு வந்தால் விடயம் லாடோ எனப்படும் கவுன்சில் அலுவலரிடம் போக வேண்டும். நிர்வாகக் குழு தானே விசாரித்து முடிக்கக் கூடாது. எங்கள் சமூகத்தில் இதை வெளிப்படையாகச் சொல்வது அவசியம். "எல்லாரும் தெரிந்த ஆக்கள்தானே" என்ற நம்பிக்கையும், மாமா, அன்ரி என்று பிள்ளைகள் அழைக்கும் பெரியவரைக் கேள்வி கேட்கத் தயங்கும் பண்பும், பிள்ளையின் வாயைத்தான் முதலில் அடைக்கும். கொள்கையில் இந்தத் தயக்கத்தைப் பெயர்சொல்லிக் குறிப்பிட்டு, அதை எப்படி எதிர்கொள்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதினால், அது எந்த மாதிரியிலும் இல்லாத வரியாக இருக்கும்.

பிள்ளைகளோடு தொடர்ந்து பணியாற்றுவோருக்கு டி.பி.எஸ். எனப்படும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பின் விரிவான வகை வேண்டும். 2024 டிசம்பர் முதல் அதன் கட்டணம் 49.50 பவுண்டு, சம்பளமில்லாத் தொண்டர்களுக்கு அரசுக் கட்டணம் இல்லை, இடைநிலை நிறுவனத்தின் சேவைக் கட்டணம் மட்டும் இருக்கலாம். பெரியவர் எண்ணிக்கைக்குச் சிறுவர் பாதுகாப்பு அறக்கட்டளையான என்.எஸ்.பி.சி.சி. பரிந்துரைக்கும் அளவைப் பின்பற்றலாம்: 4 முதல் 8 வயது வரை ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர், 9 முதல் 12 வரை எட்டுக்கு ஒருவர், 13 முதல் 18 வரை பத்துக்கு ஒருவர், எத்தனை பேர் வந்தாலும் இருவருக்குக் குறையக் கூடாது.

எட்டு வயதுக்கு உட்பட்டோரை நாளுக்கு இரண்டு மணிநேரத்துக்கு மேல் கட்டணத்துக்குப் பராமரித்தால் பொதுவாக ஒஃப்ஸ்ரெட் எனப்படும் அரசுக் கண்காணிப்பு அமைப்பின் பதிவு தேவை. விளையாட்டு, கலை, மொழி போன்றவற்றில் இரண்டுக்கு மேற்படாத துறைகளில் பயிற்சி மட்டும் தருவோருக்கும், ஓரிடத்தில் ஆண்டுக்கு 14 நாளுக்கு மேற்படாமல் நடத்துவோருக்கும் விலக்குகள் உள்ளன. பின்னதற்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். சனிக்கிழமை மொழி வகுப்பு விலக்குக்குள் வந்தது என்பதால் கோடைகால விளையாடல் முகாமும் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒஃப்ஸ்ரெட்டிடமே எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தேவையை நிரூபித்தல்

"எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு இடம் வேண்டும்" என்பது விருப்பம். அதைத் தேவையாக்குவதற்கு இரண்டு வகைச் சான்றுகள் வேண்டும். முதல் வகை அரசின் எண்களில் இருக்கிறது. பன்முக வறுமைச் சுட்டெண் சுமார் 1,500 பேர் வாழும் சிறு பகுதி வரை இறங்கி, இங்கிலாந்தின் பத்துப் படிகளில் உங்கள் தெரு எங்கே நிற்கிறது என்று காட்டும். பிள்ளைகளைப் பாதிக்கும் வருமானக் குறைவுக்குத் தனிச் சுட்டெண்ணே உண்டு. மண்டபத்தின் அஞ்சல் குறியீட்டை மட்டுமல்ல, வரும் பிள்ளைகளின் வீட்டுக் குறியீடுகளையும் இட்டுப் பாருங்கள். நல்ல வசதியான தெருவில் உள்ள மண்டபத்துக்கு, மூன்று பேருந்து நிறுத்தம் தள்ளியிருக்கும் ஏழ்மையான குடியிருப்பிலிருந்து பாதிப் பிள்ளைகள் வருவது அப்போதுதான் தெரியவரும்.

இரண்டாம் வகை பிள்ளைகளின் வாயிலிருந்து வர வேண்டும். பெற்றோர் நிரப்பிய நூறு கேள்விக்கொத்துகளை விட, இருபது பிள்ளைகள் ஒரு பெரிய தாளைச் சுற்றி அமர்ந்து எழுதியது எடைமிக்கது. அதில் பெற்றோர் எதிர்பாராதது வரும். எங்களிடம் வந்தது இதுதான்: பிள்ளைகள் பரதநாட்டியமும் மிருதங்கமும் கேட்கவில்லை, "யாரும் எதுவும் படிப்பிக்காத இரண்டு மணிநேரம்" கேட்டார்கள். அதைத் திருத்தாமல் அப்படியே விண்ணப்பத்தில் வைத்தோம்.

தமிழ் அமைப்புகள் எதிர்கொள்ளும் தனிக் கேள்வி ஒன்று இங்கே எழும்: ஓர் இனத்தவருக்கான சேவைக்குப் பொதுப்பணம் தரலாமா? 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 1,25,000 பேர் தமிழைத் தம் முதன்மை மொழியாகக் கூறினார்கள்; ஆகவே சில பரோக்களில் இது அடிக்கடி எழும் கேள்விதான். 2008 இல் இதற்கு ஒரு முக்கியமான பதில் கிடைத்தது. சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பின் நிதியை நிறுத்தி, பரோ முழுவதற்கும் ஒரே சேவை என்ற முறைக்கு மாற ஈலிங் கவுன்சில் முடிவெடுத்தபோது, அமைப்பின் உதவி பெற்ற இரு பெண்கள் நீதிமன்றம் சென்றார்கள். விசாரணையின் நடுவிலேயே கவுன்சில் பின்வாங்கியது. ஆயினும் நீதிபதி மோசஸ் தீர்ப்பு எழுதினார். சிறுபான்மையினருக்கான சிறப்புச் சேவை சமூக இணக்கத்துக்கு எதிரானது என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை, சில சமயம் சமத்துவத்துக்கு அதுவே வழி என்றார். இன்றைய 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும், யாப்பில் அப்படி எழுதப்பட்டு, ஒரு பின்னடைவைச் சரிசெய்வதற்கு உரிய அளவில் அமைந்தால், அறக்கட்டளை ஒரு குறிப்பிட்ட குழுவுக்குச் சேவை செய்ய இடமளிக்கிறது; தோல் நிறத்தின் அடிப்படையில் மட்டும் முடியாது.

சட்டம் இடமளித்தாலும், விண்ணப்பத்தில் கதவைத் திறந்து வைப்பதே என் ஆலோசனை. மொழியும் பின்னணியும் தெரிந்த ஊழியர் இருப்பதால் வேறெங்கும் போகாத பிள்ளைகள் இங்கே வருகிறார்கள் என்று எழுதுங்கள். அதே வெள்ளிக்கிழமை மாலையில் அவர்களுடைய சோமாலிய, போலந்து, குஜராத்தித் தோழர்களும் வரலாம் என்றும் எழுதி, உண்மையிலேயே அழையுங்கள். பெண்பிள்ளைகள் பதின்மூன்று வயதுக்குப் பின் வருவதை நிறுத்துகிறார்கள் என்று உங்கள் வருகைப் பதிவே காட்டினால், அவர்களுக்கென ஒரு தனி மாலை கேட்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆறாம் படி: எதை வாக்களிப்பது

படிவங்கள் பெரும்பாலும் இரண்டைப் பிரித்துக் கேட்கும்: என்ன செய்வீர்கள், அதனால் என்ன மாறும். 38 மாலைகள் நடத்துவது முன்னது. தனித்திருந்த பிள்ளை நம்பிப் பேசக்கூடிய ஒரு பெரியவரைக் கண்டடைவது பின்னது. "இளையோர் குற்றம் குறையும்" என்று எழுதும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு மூன்று மணிநேரம் திறக்கும் மன்றத்தால் அதை ஒருபோதும் நிரூபிக்க முடியாது, ஆண்டு முடிவில் அறிக்கையில் அந்த வரி உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று மாற்றங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும், அதை அளக்கும் எளிய வழியும், அளக்கப் போகிறவரின் பெயரும் உங்கள் குறிப்பேட்டில் இருக்க வேண்டும்.

ஏழாம் படி: வரவு செலவுத் திட்டம்

கற்பனையாக ஒரு வெள்ளிக்கிழமை மன்றத்தை எடுத்துக்கொள்வோம். பாடசாலை தவணைகளின் 38 வாரங்கள், மூன்று மணிநேரம் திறப்பு, முன்னும் பின்னும் சேர்த்து ஒரு மணிநேரம் ஆயத்தம். மணிக்கு 16 பவுண்டு பெறும் இரு ஊழியருக்கு 4,864 பவுண்டு. ஒழுங்கற்ற நேரத்தில் பணியாற்றுவோரின் விடுமுறைச் சம்பளம் 12.07 சதவீதம், அதாவது 587. பெரும்பாலானோர் மறப்பது இதைத்தான். மணிக்கு 25 பவுண்டு வாடகையில் மண்டபம் 3,800. சிற்றுண்டி வாரத்துக்கு 30 எனில் 1,140. பொருள்கள் வாரத்துக்கு 20 எனில் 760. காப்புறுதி 350. பயிற்சி 200, இருவரின் டி.பி.எஸ். 99. இதுவரை 11,800 பவுண்டு. கணக்கெழுதல், தொலைபேசி, கணக்காய்வு போன்ற நிர்வாகச் செலவுக்கு 10 சதவீதம் சேர்த்தால் 12,980.

வாரத்துக்குச் சராசரி 25 பேர் வந்தால் ஆண்டுக்கு 950 வருகைகள். ஒரு வருகைக்கு 13.66 பவுண்டு. மதிப்பிடுபவர் இந்தக் கணக்கை நீங்கள் சொல்லாவிட்டாலும் போட்டுப் பார்ப்பார். ஆகவே நீங்களே சொல்லி, நான்கு தொண்டர்களின் 608 மணிநேரத்தையும் பக்கத்தில் காட்டுங்கள். மணிக்கு 12 பவுண்டு என மதித்தாலும் அது 7,296 பவுண்டு பெறுமதியான சமூகப் பங்களிப்பு.

நிர்வாகச் செலவைக் கேட்கக் கூச்சப்படுவது நம்மவர்களின் வழக்கம். "பொருளாளர் சும்மா செய்வார்" என்று எழுதி மலிவாகக் காட்டினால், அந்தப் பொருளாளர் ஊர் மாறும் ஆண்டில் மன்றம் மூடப்படும். அதேபோல் தொகையை உயர்த்தி எழுதி, வெட்டினாலும் பாதகமில்லை என்று நினைப்பதும் வேண்டாம். வட்டமான எண்கள் வரிசையாக நிற்கும் பட்டியல் கணக்கிடப்படாத பட்டியல் என்று பழகிய கண்ணுக்கு உடனே தெரியும்.

எட்டாம் படி: எழுதி அனுப்புதல்

முதலில் மதிப்பெண் வழங்கும் விதிகளைப் படியுங்கள். தேவைக்கு 30 மதிப்பெண், அமைப்பின் வரலாற்றுக்கு 5 என்றிருந்தால், உங்கள் சொற்களையும் அதே விகிதத்தில் செலவிடுங்கள். வரலாற்றைச் சுருக்குவது மூத்த உறுப்பினர்களுக்கு வருத்தமளிக்கும், ஆனாலும் சுருக்குங்கள். தகவல் கூட்டம் நடந்தால் கட்டாயம் போங்கள். ஆங்கிலத்தில் இங்கேயே படித்து வளர்ந்த பதினெட்டு வயது இளையவர் ஒருவரிடம் வரைவைப் படிக்கக் கொடுங்கள்: அவருக்குப் புரியாத வாக்கியம் அலுவலருக்கும் புரியாது, அவர் சிரிக்கும் வாக்கியம் உண்மையல்ல. கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பி, அனுப்பிய பிரதியைச் சேமித்து வையுங்கள்.

ஒன்பதாம் படி: பதில் வந்த பின்

மறுப்பு வந்தால் மதிப்பெண் விவரத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள், அடுத்த சுற்றின் விண்ணப்பம் அதிலிருந்தே தொடங்கும். ஒப்புதல் வந்தால், கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை முழுக் குழுவும் வாசிக்க வேண்டும். பணம் காலாண்டுக்கு ஒருமுறை வருகிறதா, செலவழித்த பின் வருகிறதா என்பது சிறு அமைப்பின் உயிர்ப் பிரச்சினை. இந்த மானியம் குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கட்டுப்பட்ட நிதி. அதிலிருந்து சனிக்கிழமை வகுப்பின் புத்தகங்களை வாங்குவது, பிறகு திருப்பிப் போடுவதாக இருந்தாலும், அறக்கட்டளைச் சட்டப்படி தவறு. கணக்குப் புத்தகத்தில் தனிப் பத்தி திறந்துவிடுங்கள். திட்டம் மாறினால், மாற்றும் முன் அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். மாற்றிய பின் சொன்னால் அது மீறல்.

முதல் மாலையிலேயே வருகைப் பதிவைத் தொடங்குங்கள்: பெயர், வயது, அஞ்சல் குறியீடு, புதியவரா பழையவரா. ஒவ்வொரு மாலையின் முடிவிலும் ஊழியர் ஐந்து வரி எழுதட்டும். புகைப்படத்துக்குப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் வேண்டும். பிள்ளையின் ஒப்புதலும் வேண்டும் என்பேன், பதினைந்து வயதில் தன் படம் கவுன்சில் அறிக்கையில் வருவதை விரும்பாத உரிமை அவருக்கு உண்டு. இவை இருந்தால் ஆண்டறிக்கை ஒரு வார இறுதியில் எழுதி முடியும். எதிர்பார்த்த 25 பேருக்குப் பதில் 17 பேர் வந்திருந்தால், 17 என்றே எழுதி, ஏன் என்றும் அடுத்த ஆண்டு என்ன மாற்றுவீர்கள் என்றும் சொல்லுங்கள். கூட்டி எழுதிய எண் அடுத்த ஆண்டின் இலக்காக உங்கள் தலையிலேயே வந்து விழும்.

பத்தாம் படி: மானியம் நிற்கும் நாளுக்கு ஆயத்தம்

குரோய்டன் 2020 இலும், பர்மிங்காமும் நொட்டிங்காமும் 2023 இலும், தம் வரவுக்குள் செலவை அடக்க முடியாது என்ற 114 ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டன. அப்படியொரு அறிவிப்பு வந்தால் சட்டக் கடமை அல்லாத புதிய செலவுகள் உடனே நிறுத்தப்படும். தொண்டு அமைப்புகளின் மானியம் முதல் வரிசையில் நிற்கும். எனவே உங்கள் மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே கவுன்சிலிலிருந்து வராதபடி பார்த்துக்கொள்வது நல்லது. தேசிய லொத்தர் சமூக நிதியத்தின் சிறு மானியம் 20,000 பவுண்டு வரை தருகிறது. ஹாரோ, பிரெண்ட், ஈலிங், பார்னெட் உள்ளிட்ட ஒன்பது வடமேற்கு லண்டன் பகுதிகளில் பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் ஜோன் லையன் அறக்கட்டளை உதவுகிறது. கவுன்சில் உங்களை நம்பியது என்பதே இவர்களிடம் நல்ல அறிமுகமாகும்.

தொண்டு அமைப்புகளின் நிதியை நிறுத்தவோ குறைக்கவோ எண்ணும் கவுன்சில் குறைந்தது மூன்று மாத முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று அரசின் 2011 ஆம் ஆண்டுச் சிறந்த பெறுமதி வழிகாட்டல் எதிர்பார்த்தது. உங்கள் ஒப்பந்தத்தில் முப்பது நாள் என்று இருந்தால், இதைச் சுட்டிக்காட்டி மூன்று மாதமாக மாற்றக் கேளுங்கள். கேட்டவுடன் எல்லா இடத்திலும் மாற்றிவிட மாட்டார்கள். ஆயினும் கவுன்சிலின் நிதியாண்டு மார்ச் 31 இல் முடிகிறது, அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் பெப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் முழுச் சபையில் நிறைவேறுகிறது. ஆகவே வெட்டு வருமா என்று அறிய விரும்பினால், டிசம்பர், ஜனவரியில் கவுன்சிலின் அமைச்சரவை (கேபினெட்) கூட்டத்துக்கு வரும் வரைவுப் பத்திரங்களில் இளையோர் சேவை என்ற வரியைத் தேடிப் படிக்கும் பொறுப்பை நிர்வாகக் குழுவில் ஒருவரிடம் இப்போதே ஒப்படைத்துவிடுங்கள்.